முதலில் தங்கும் இடம், அப்புறம் பார்க்கும் இடம்!

அரைப் பரீட்சை லீவு நெருங்கினாலே எனக்கு வருகிற கடிதங்களின் போக்கு மாறிவிடும். இட்லி மாவு பொங்கவில்லை, குழந்தைக்குச் சளி விடவில்லை என்ற சமாசாரங்கள் குறைந்து, "நாலு நாள் எங்கேயாவது போய் வரலாமென்று இருக்கிறோம் அக்கா, ஒரு யோசனை சொல்லுங்களேன்" என்று கேட்பவர்கள் கூடிவிடுவார்கள்.

இந்தத் தடவை திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கன்னியாகுமரி போகிறார்களாம். கூட வருவது முழங்கால் வலிக்காரரான மாமியார், 8 வயதுப் பையன், 10 மாதக் கைக்குழந்தை. கணவர் கடலைப் பார்த்த ரூம்தான் வேண்டும் என்கிறாராம். பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு நீள லிஸ்ட் வேறு போட்டு வைத்திருக்கிறாராம். "எதைப் பார்ப்பது, எதை விடுவது, எங்கே தங்குவது என்று ஒன்றும் புரியவில்லை. எல்லாரையும் சமாளித்து நான் உருப்படியாகத் திரும்பி வருவேனா?" என்று முடித்திருக்கிறார். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

என் நாத்தனாரை நாகர்கோவிலில் கொடுத்திருக்கிறோம். அதனால் மதுரையிலிருந்து நான் அந்தப் பக்கம் போய் வருவது இருபது வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. கைக்குழந்தையோடும் போயிருக்கிறேன், மாமியாரோடும் போயிருக்கிறேன், இரண்டு பேரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதை உங்கள் எல்லாருக்குமாகச் சொல்கிறேன்.

லிஸ்டைக் கீழே வையுங்கள்

நாம் எல்லாரும் பார்க்கும் இடத்தை முதலில் எழுதிவிட்டு, தங்கும் இடத்தைக் கடைசியில் தேடுகிறோம். குடும்பத்தோடு போகும்போது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். உங்கள் கூட்டத்தில் மிகவும் முடியாதவர் யார்? முழங்கால் வலிக்காரரா, பால் குடிக்கும் பிள்ளையா, மசக்கைக்காரப் பெண்ணா? அவருக்கு எந்த இடம் ஒத்துக்கொள்ளுமோ அங்கே அறை எடுங்கள். அந்த அறையிலிருந்து அவரால் எவ்வளவு தூரம் போய்வர முடியுமோ அதுதான் எல்லாருக்குமான சுற்றளவு. அதற்கு வெளியே இருப்பதை, தெம்புள்ளவர்கள் மட்டும் ஒருநாள் போய்ப் பார்த்து வரட்டும். மற்றவர்கள் அறையில் நிம்மதியாகக் காலை நீட்டிக்கொள்ளட்டும்.

இப்படிச் செய்தால் பாதி ஊர் பார்க்காமல் போய்விடுமே என்று தோன்றும். போனால் போகட்டும் சகோதரிகளே! குமரி எங்கேயும் ஓடிப்போகாது. பாதியில் காய்ச்சல் வந்து திரும்புகிற பிரயாணத்தில் ஊரும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

முனையிலா, நாகர்கோவிலிலா?

கன்னியாகுமரி என்று நாம் சொல்லும் கடல் முனை ஒரு சின்ன ஊர். கோயில், படகுத்துறை, காந்தி மண்டபம், கடைத்தெரு எல்லாம் நடக்கிற தூரம். சூரியோதயம் பார்க்க ஆட்டோ பிடிக்க வேண்டாம், எழுந்து வந்தால் போதும். இது பெரிய சௌகரியம். ஆனால் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை சபரிமலை சீசன். ஐயப்ப பக்தர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். அறை வாடகை ஏறிவிடும், விடிய விடியச் சந்தடி. கடலைப் பார்த்த ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று, மூடினால் புழுக்கம். துவைத்துப் போட்ட குழந்தைத் துணி பிசுபிசுவென்றே கிடக்கும்.

நாகர்கோவில் அங்கிருந்து சுமார் 20 கி.மீ. மாவட்டத்தின் தலைநகரம். பெரிய கடைவீதி, மருந்துக்கடை, குழந்தை டாக்டர்கள், எல்லாப் பக்கமும் பஸ். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கைக்குழந்தை வைத்திருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய தெம்பு என்று நான் சொல்லவா வேண்டும்? இங்கிருந்து சுசீந்திரம் 5, 6 கி.மீ.தான். பத்மநாபபுரம் அரண்மனைக்கும் முட்டத்துக்கும் இங்கிருந்துதான் பக்கம். ஆனால் ஜன்னலில் கடல் தெரியாது. குளிரக் குளிர எழுந்து சூரியோதயத்துக்கு ஓடுவதும் கஷ்டம்.

மூன்றாவதாக, மேற்குக் கரையில் முட்டம், சொத்தவிளை போன்ற கடலோர ஊர்கள். அமைதி, அழகு எல்லாம் உண்டு. கல்யாணமான புதுசில் இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு நன்றாக இருக்கும். ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் என்ன செய்வது என்று யோசிக்கும் நிலையில் உள்ள நமக்கு அது இப்போதைக்கு வேண்டாம்.

திண்டுக்கல் சகோதரிக்கு என் யோசனை இதுதான். முதல் ராத்திரி ஒன்று மட்டும் கடல் முனையில். மிச்ச நாட்கள் நாகர்கோவிலில். மூட்டை முடிச்சை ஒரே தடவைதான் மாற்ற வேண்டியிருக்கும். சென்னையிலிருந்து திண்டுக்கல், மதுரை வழியாக வரும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸுக்கு அதுதான் கடைசி ஸ்டேஷன். வண்டி நின்ற பிறகு நிதானமாகப் பாட்டியை இறக்கலாம், பெட்டியை எண்ணலாம், 'கிளம்பிடப் போகுது' என்ற பதற்றம் இல்லை. கணவருக்குக் கடல் ஜன்னல் கிடைத்துவிடும். உங்களுக்கு மூன்று நாள் டாக்டர் பக்கத்தில் இருப்பார். இருவருக்கும் வெற்றி!

நாட்களைத் தள்ளிப் போட முடிந்தால் இன்னும் விசேஷம். பொங்கலும் மகரவிளக்கும் முடிந்து, ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ போங்கள். மழை இருக்காது, வெயில் கடுமை இருக்காது, கூட்டமும் வடிந்திருக்கும். ஒரு சனி ஞாயிறோடு சேர்ந்து வரும் விடுமுறை போதும், பிள்ளைகளின் படிப்பும் கெடாது. ஜூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்று. கடல் கொந்தளிப்பாக இருந்தால் படகு விடமாட்டார்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. அந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அதனால்தான் அவ்வளவு பச்சை!

அறை கேட்கும்போது கேட்க வேண்டியவை

"ரூம் இருக்கா, எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பணம் கட்டிவிடுவார்கள் வீட்டு ஆண்கள். நாம் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கேள்விகளை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

கணக்கு 24 மணி நேரமா, மதியம் 12 மணியா? காலை ரயிலில் போய் இறங்குகிறவர்களுக்கு இது முக்கியம். 12 மணிக் கணக்கு என்றால் அதுவரை எங்கே உட்காருவது என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

அறை எந்த மாடி? தெருவிலிருந்து அறை வாசல் வரை எத்தனை படி? 'லிஃப்ட் உண்டா?' என்று மட்டும் கேட்டால் போதாது. ஒரு விடுதியில் லிஃப்ட் உண்டு என்று சொல்லித்தான் எங்களுக்கு அறை கொடுத்தார்கள். போய்ப் பார்த்தால் லிஃப்டே முதல் மாடியிலிருந்துதான் ஆரம்பம்! கீழேயிருந்து 14 படி ஏற வேண்டும். என் மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏண்டி, லிஃப்டுக்குப் போக ஒரு லிஃப்ட் வைக்கலையா இவங்க?" என்றார். வரவேற்பில் இருந்த பையனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்த 14 படியை நாலு நாளும் அவர்தானே ஏறினார்?

நாற்காலி மாதிரி உட்காரும் கக்கூஸ் உண்டா? பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? வெந்நீர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? சூரியோதயம் பார்ப்பதற்கு முன்னாலேயே கைக்குழந்தைக்கு வெந்நீர் வேண்டியிருக்கும்.

பால்கனி இருந்தால் கம்பி இடைவெளி எவ்வளவு, கதவுக்கு மேல்தாழ்ப்பாள் உண்டா? தவழும் பிள்ளை உள்ள வீட்டுக்கு, கடல் தெரிகிறதா என்பதை விட இது பெரிய கேள்வி. ஜன்னலில் கொசுவலை உண்டா என்றும் கேளுங்கள்.

சூரியோதயம் தெரியும் அறை என்றால் கிழக்குப் பார்த்த அறையா என்று அழுத்திக் கேளுங்கள். கடல் மூன்று பக்கமும் இருக்கிறது. கடல் தெரிந்தால் உதயமும் தெரியும் என்று அர்த்தமில்லை.

ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு

காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நடுவில் சாப்பாடு, தூக்கம். இதுதான் என் கணக்கு. கோயில்கள் எப்படியும் நடுப்பகலில் நடை சாத்திவிட்டுச் சாயங்காலம் 4 மணிக்கு மேல்தான் திறப்பார்கள். அந்த நேரத்தில் வெயிலில் அலைவதில் பிரயோஜனமே இல்லை.

இன்னொன்று. புறப்படுவதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும், "உனக்கு இருக்கிறதிலேயே எது பார்க்கணும்? ஒன்றே ஒன்று சொல்லு" என்று கேளுங்கள். நாங்கள் ஒருதரம் போனபோது இவர் 14 இடம் எழுதி வைத்திருந்தார். என் மாமியாரைக் கேட்டேன். "எனக்கு அம்மன் மூக்குத்தி. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். முதல் நாள் சாயங்காலமே பகவதி அம்மன் சந்நிதிக்குக் கூட்டிப் போனோம். தீபாராதனை வெளிச்சத்தில் அந்த மூக்குத்தி ஜொலித்ததைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், அதற்கப்புறம் நாலு நாளும் அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து நிம்மதியாகக் காற்று வாங்கினார். 'என்னை விட்டுட்டுப் போறீங்களே' என்று ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. அந்த மூக்குத்தியின் ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதின, அதனால்தான் கிழக்கு வாசலை அடைத்தே வைத்திருக்கிறார்கள் என்று சொல்வார்கள். வருஷத்தில் சில விசேஷ நாட்களில் மட்டும்தான் அதைத் திறப்பது. நாம் வடக்கு வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும்.

நாலு நாளைக்கு நான் போடும் திட்டம் இது. உங்கள் வீட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: காலையில் வந்து இறங்கி, குளித்து, தூங்குங்கள். வேறு வேலை வேண்டாம். சாயங்காலம் அம்மன் தரிசனம். பிறகு கடற்கரையில் கொஞ்ச நேரம். நடு அக்டோபரிலிருந்து நடு மார்ச் வரைதான் முனையில் சூரியன் கடலுக்குள் இறங்குவது நன்றாகத் தெரியும். மற்ற மாதங்களில் கரைப்பக்கம் மறைந்துவிடும்.

இரண்டாம் நாள்: உதயம் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் ஆறரை மணிக்கு முன்பின்னாக இருக்கும். குழந்தைக்குக் காது மூடிக் குல்லாய் கட்டாயம். பிறகு சீக்கிரம் டிபனை முடித்துக்கொண்டு படகுத்துறைக்குப் போய்விடுங்கள். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம்தான் படகு விடுகிறது. வெயில் ஏற ஏற வரிசை நீளும். 1892 டிசம்பரில் விவேகானந்தர் தியானம் செய்த பாறையில் 1970-ல் மண்டபம் திறந்தார்கள். பக்கத்துப் பாறையில் 133 அடி வள்ளுவர் சிலை, 2000-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி திறந்தது. பீடம் 38 அடி, அது அறத்துப்பால். மேலே சிலை 95 அடி, அது பொருளும் இன்பமும். பையனை விட்டே கூட்டச் சொல்லுங்கள், 133 வரும்! இரண்டு பாறைக்கும் நடுவில் 2024 டிசம்பர் 30-ல் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்துவிட்டார்கள். அதனால் வள்ளுவரிடம் போக இன்னொரு படகு ஏற வேண்டாம். தலைசுற்றல் உள்ளவர்கள் காலடியில் கடலைப் பார்க்காமல் நேரே பார்த்து நடக்கட்டும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். படகில் ஏறி இறங்குவதும், வரிசையில் நிற்பதும், வள்ளுவர் பாதம் வரை படியேறுவதும் முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது. 10 மாதக் குழந்தைக்கும் அந்த வெயில் ஆகாது. அப்பாவும் பையனும் மட்டும் போகட்டும். மண்டபத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும், கல் கொதிக்கும். ஆளுக்கொரு தடித்த சாக்ஸ் கொடுத்து அனுப்புங்கள். அந்த நேரத்தில் நீங்களும் மாமியாரும் காந்தி மண்டபத்துக்கு மெள்ளப் போய் வரலாம். காந்திஜியின் அஸ்தியைக் கரைப்பதற்கு முன் வைத்திருந்த இடம். அக்டோபர் 2-ந் தேதி நடுப்பகலில் சூரிய ஒளி சரியாக அந்த இடத்தில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். மதியத்துக்கு மேல் அறையைக் காலி செய்து நாகர்கோவில் போய்விடுங்கள்.

மூன்றாம் நாள்: காலையில் சுசீந்திரம். தாணுமாலயன் கோயில். அத்திரி முனிவரின் மனைவி அனுசூயை, சோதிக்க வந்த மும்மூர்த்திகளையும் கைக்குழந்தைகளாக்கிப் பாலூட்டிய கதை இந்தத் தலத்தோடு சேர்ந்தது. பால் கொடுக்கும் தாய்மார்கள் அவசியம் பார்க்க வேண்டாமா? தட்டினால் ஸ்வரம் பேசும் இசைத் தூண்கள், உயரமான ஆஞ்சநேயர், எல்லாம் நிதானமாகப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கள்: குமரி அம்மனுக்கும் சுசீந்திரத்து சுவாமிக்கும் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்பி வந்தபோது நாரதர் சேவல் மாதிரி கூவிவிட்டாராம். முகூர்த்தம் தப்பிவிட்டது என்று மாப்பிள்ளை திரும்பிவிட்டார். கல்யாணச் சமையலுக்கு வைத்த அரிசியும் பருப்பும்தான் இன்று கடற்கரையில் பலநிற மணலாகக் கிடக்கிறது என்பார்கள். சிவப்பும் கறுப்புமான அந்த மணலில் கார்னெட், இல்மனைட் என்ற தாதுக்கள் இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டையும் தெரிந்துகொள்ளட்டுமே!

சாயங்காலம் சொத்தவிளை கடற்கரை. சுமார் 4 கி.மீ. நீளம், கூட்டம் குறைவு. கடற்கரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

நாலாம் நாள்: தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. திங்கட்கிழமை விடுமுறை. இதை மறந்து போய் வாசலோடு திரும்புகிறவர்கள் நிறைய. திருவிதாங்கூர் ராஜாக்களின் பழைய தலைநகரம் அது. 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்தாலும், அரண்மனையைக் கேரள அரசின் தொல்லியல் துறைதான் பார்த்துக்கொள்கிறது. முழுக்க மர வேலை. தரை கண்ணாடி மாதிரி கறுப்பாகப் பளபளக்கும். சுட்ட கொட்டாங்கச்சிக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டது என்கிறார்கள். தினம் தரை துடைக்கிற நமக்குத்தான் அதன் அருமை தெரியும்! ஆயிரம் பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்ட ஊட்டுப்புரையும், ஊறுகாய் போட்டு வைத்த பெரிய சீனச் சாடிகளும் பார்த்து நான் வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். ஆனால் உள்ளே செங்குத்தான மரப்படிகள், குனிந்து போகும் வாசல்கள். முழங்கால் வலிக்காரர் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பது உத்தமம்.

தெம்பு மிச்சமிருந்தால் திற்பரப்பு அருவியைச் சேர்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பதிலுக்கு, முதல் இரண்டு நாளில் நேரம் கிடைத்தால் முனையிலிருந்து 6, 7 கி.மீ.யில் உள்ள வட்டக்கோட்டைக்குப் போகலாம். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் கற்கோட்டை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. பிள்ளைகள் ஓடி விளையாட இடம் உண்டு.

கடலை நம்பாதீர்கள்

இதைச் சிரிக்காமல் சொல்கிறேன், சிரிக்காமல் படியுங்கள்.

சில வருஷத்துக்கு முன் ஒரு மே மாதம், சொத்தவிளையில் நின்றிருந்தோம். வானத்தில் மேகம் இல்லை, காற்று இல்லை, கடல் சாதுவாகத்தான் தெரிந்தது. என் நாத்தனார் பையன் அலையில் இறங்க வேண்டுமென்று காலை உதைத்து அழுதான். மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா நின்று, "பிள்ளைய விடாத மக்கா. இன்னைக்குக் கடல் சரியில்ல, கள்ளக்கடல் கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அந்த வார்த்தையே புதுசு. பையனை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்து நின்றோம். அரை மணி நேரம் ஆகியிருக்காது. ஒரு அலை வந்து, நாங்கள் நின்றிருந்த இடத்தையும் தாண்டி, மணலில் கிடந்த வலைகளை நனைத்துவிட்டுப் போனது. பையனின் அழுகை தானாக நின்றுவிட்டது. எனக்கு முழங்கால் நடுங்கியது.

கள்ளக்கடல் என்றால் திருடன் மாதிரி சொல்லாமல் வருவது. எங்கோ ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல் அடிக்கும். அங்கே எழும் பேரலைகள் நாட்கணக்காகப் பயணம் செய்து நம் கரையில் வந்து ஏறும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. 2024 மே 6-ந் தேதி, எச்சரிக்கை கொடுத்திருந்த நேரத்தில், இதே கடற்கரை வரிசையில் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து இளம் டாக்டர்கள் அலையில் போய்விட்டார்கள். படித்து முடித்து, ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்த பிள்ளைகள். அவர்களைப் பெற்றவர்களை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஹைதராபாதில் உள்ள கடல் தகவல் மையம் இந்த அலை எச்சரிக்கையை முன்கூட்டியே கொடுக்கிறது. மாவட்ட நிர்வாகமும் அறிவிக்கும், செய்தியில் சொல்வார்கள். போகிற அன்று காலையில் கேட்டுக்கொள்ளுங்கள். 'கடலுக்குப் போகாதீர்கள்' என்று மீனவருக்குச் சொன்னால் அது நமக்கும் சேர்த்துத்தான். அதற்கு மேல், கரையில் மீன்காரர் ஒருவரிடம், "இன்னிக்குக் கடல் எப்படிங்க?" என்று கேளுங்கள். கௌரவம் பார்க்காதீர்கள்.

குழந்தைகள் கணுக்கால் தண்ணீருக்கு மேல் போகக்கூடாது. அதுவும் ஒரு பெரியவர் ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு. 'நீ பாத்துக்கோ, நான் பாத்துக்கறேன்' என்று பொதுவாக விட்டால் யாரும் பார்ப்பதில்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்க வேண்டாம். முட்டத்துப் பாறைகளை 'அலைகள் ஓய்வதில்லை' படத்தில் பார்த்து ஆசைப்பட்டவர்கள் ஏராளம். பாசி பிடித்த பாறை வழுக்கும், தூரத்தில் நின்று பாருங்கள், அழகு குறையாது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி அடித்துப் பெரும் சேதம் கண்ட கரை அது. கடல் திடீரென்று உள்வாங்கினால் கிளிஞ்சல் பொறுக்க ஓடாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

வயிறும் உடம்பும்

அங்கே சமையல் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய்தான். ருசி பிரமாதம், ஆனால் பழக்கமில்லாத வயிறு முதல் நாளே இரண்டு தட்டு அவியலைத் தாங்காது. பிள்ளைகளுக்கு முதல் நாள் இட்லி, தயிர்சாதம், ரசம்சாதம் போதும். சிவப்பரிசிச் சோறும் மரச்சீனிக் கிழங்கும் மெள்ளப் பழகட்டும். கைக்குழந்தைக்குக் கவலை வேண்டாம். நாகர்கோவில் கடைத்தெருவில் மட்டிப்பழம் கிடைக்கும். விரல் நீளம்தான் இருக்கும், வாசனை தூக்கும். அந்த ஊரில் குழந்தைகளுக்கு மசித்துக் கொடுக்கும் பழம் அது. 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து வாங்கி, பாதிப் பழத்தில் ஆரம்பியுங்கள்.

கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு ஃப்ளாஸ்க், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலு, காய்ச்சல் மருந்து, மாமியாரின் மாத்திரை இரண்டு நாளைக்கு அதிகமாக, டாக்டர் சீட்டின் நகல். இவ்வளவும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம்.

அம்மாவுக்கும் லீவு

கடைசியாக உங்களைப் பற்றி. சில பேர் அறையிலேயே சமைக்கலாமென்று அடுப்பும் அரிசியும் கட்டிக்கொண்டு போகிறார்கள். விடுதியில் அனுமதிக்க மாட்டார்கள், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. அதோடு, வீட்டில் செய்த வேலையை ஊர் மாறிச் செய்வதற்கு எதற்கு ரயில் சார்ஜ்? செலவைச் சுருக்க வேண்டுமென்றால் ஒரு நாளைக் குறையுங்கள், உங்கள் ஓய்வைக் குறைக்காதீர்கள்.

கிளம்பும் முன்பே வேலையைப் பங்கு போட்டுவிடுங்கள். டிக்கெட்டும் சாவியும் அப்பா பொறுப்பு. தண்ணீர் பாட்டில் நிரப்புவது பையன் பொறுப்பு. பேரக் குழந்தைக்குத் தாலாட்டுப் பாட்டியின் பொறுப்பு. தினம் சாயங்காலம் அரை மணி நேரம் குழந்தையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, கரையில் ஓர் ஓரமாக நீங்கள் தனியாக உட்காருங்கள். பத்து மாதமாக முழுத் தூக்கம் தூங்காத தாய்க்கு இது ஆடம்பரம் இல்லை, மருந்து. 'பார்க்க வேண்டிய இடம்' லிஸ்டில் இதையும் ஒரு வரியாக எழுதிக் கணவர் கையில் கொடுத்துவிடுங்கள். எழுதிக் கொடுத்தால்தான் நம் வீட்டு ஆண்களுக்கு நினைவிருக்கும்!

எங்கள் வீட்டு லிஸ்டில் 14 இடங்களில் அந்தத் தடவை பார்த்தது 6. பாக்கி 8 இடத்தையும் இவர் அந்தக் காகிதத்திலேயே பத்திரமாக வைத்திருக்கிறார். அடுத்த தடவைக்கு ஆயிற்று. நீங்கள் போய்வந்த கடலோர ஊர் எது, குழந்தை குட்டிகளோடு அங்கே எப்படிச் சமாளித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். இன்னொரு சகோதரிக்கு உதவும்.